வெள்ளித் தகடு பதித்த பழைய துவக்கின் கதையைத் தேடுவது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சில பழைய வீடுகளில் பூட்டனார் காலத்துத் துவக்கு ஒன்று இருக்கும். பிடியில் வெள்ளித் தகடு பதித்து, அந்தக் காலத்துத் தலைமைக்காரரான உடையாருக்கோ வன்னியனாருக்கோ வெள்ளைக்காரத் துரை ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது என்று ஆங்கிலத்தில் வெட்டியிருப்பார்கள். அதன் கதையைத் தேட ஆசைப்பட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்குத்தான் இது.

முதலில் லைசன்ஸ். பழையதுதானே என்று விட்டுவிடாதீர்கள், 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உள்ளே தோட்டா இல்லை என்று விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை துவக்கில் கை வைக்கவே வேண்டாம்.

சரி, இப்போது தகடு. தயவுசெய்து மினுக்காதீர்கள். களுதாவளையில் எங்கள் உறவுக்காரர் வீட்டில் சித்திரைக்குக் குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் புளியும் சாம்பலும் போட்டு வருடா வருடம் தேய்த்ததில், ஆண்டில் 188 மட்டும் மிஞ்சி நாலாவது இலக்கம் அழிந்தே போயிற்று. அந்த ஒரு இலக்கத்துக்காகப் பத்து வருட அரசாங்க வர்த்தமானியை (கெசற்)ப் புரட்ட வேண்டியிருக்கிறது. இரவில் லைற்றை அணைத்துவிட்டு, டோர்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சரித்துப் பிடித்துப் படம் எடுங்கள், நேரே பார்த்தால் தெரியாத கோடுகூட நிழலில் எழும்பி வரும். அப்புறம் மெல்லிய ரிசுத் தாளை மேலே வைத்து, பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து மெதுவாக ஓட்டுங்கள். பிழையாக வெட்டியிருந்தாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம்.

தகட்டின் ஓரத்தில் சின்ன முத்திரைகள் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். நடக்கும் சிங்கம் என்றால் இங்கிலாந்தின் தரப்படுத்திய வெள்ளி, நங்கூரம் என்றால் பர்மிங்காம், அரசியின் தலையும் இருந்தால் 1890க்குப் பிந்தியதல்ல. உள்ளூர்த் தட்டார் செய்த தகட்டில் இவை இராது, அதனால் அது போலி ஆகிவிடாது.

துவக்கின் வயது வேறு, தகட்டின் வயது வேறு. இருந்த துவக்கிலேயே பிறகு தகடு பதித்துக் கொடுத்திருக்கலாம். ஆகவே குழலின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், ஆனால் கழற்றுவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். கிரீடமும் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களும் B, P, C என்ற ஆங்கில எழுத்துகளும் தெரிந்தால் அது 1813க்கும் 1904க்கும் இடையில் பர்மிங்காமில் சோதித்த குழல். குழலின் மேல் வெட்டியிருக்கும் முகவரியும் உதவும், கம்பனிகள் இடம் மாறியிருக்கின்றன: துவக்குச் செய்யும் லண்டன் பர்டி கம்பனி 1880களின் தொடக்கத்தில்தான் ஒக்ஸ்போர்ட் வீதியிலிருந்து சவுத் ஓட்லி வீதிக்குப் போனது. ஆனால் அங்கே இருக்கும் பெயர் செய்தவருடையதாக இல்லாமல் விற்றவருடையதாகவும் இருக்கலாம். தொடர் இலக்கத்தைக் குறித்து வையுங்கள், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் போன்ற பழைய கம்பனிகளிடம் அந்தக் காலத்துப் பதிவேடுகள் இருக்கின்றன, எழுதிக் கேட்கலாம்.

இனி ஆளைத் தேட வேண்டும். 1802இலிருந்து வரும் அரசாங்க வர்த்தமானியில் தலைமைக்காரர் நியமனங்கள் கிடைக்கும், கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்தில் பார்க்கலாம். அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961இல், ஆகவே சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆள் என்றாலும் மட்டக்களப்பின் கீழ் தேடுங்கள். கணபதிப்பிள்ளையை ஆங்கில K எழுத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், அந்தக் காலத்தில் C எழுத்திலும் எழுதினார்கள்.

வெளியூர்க்காரர் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. எங்கள் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழி, வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். தகட்டில் இருக்கும் பெயர் அப்பப்பாவின் பரம்பரையில் கிடைக்காவிட்டால் அம்மம்மாவின் அண்ணன் தம்பியைக் கேளுங்கள், அவர்களுடைய மாமன்மாரையும் கேளுங்கள். 1978 நவம்பர் சூறாவளியில் வீட்டுக் காகிதமெல்லாம் போயிற்று என்பார்கள், பல வீடுகளில் அது உண்மை, ஆனாலும் காணி உறுதியின் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கக்கூடும், அதில் ஆளின் பட்டமும் தகப்பன் பெயரும் சேர்ந்தே எழுதியிருக்கும்.