தலையாட்டினால் ஓமா, இல்லையா?

கனடாவின் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த என் பெறாமகள் ஆடி மாத லீவுக்கு வந்திருந்தாள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்க யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அனுப்பினேன். வெறுங்கையோடு வந்தாள். "சித்தப்பா, இருக்கா எண்டு கேட்டன். இல்லை எண்டு தலையாட்டினவர்."

நானே போய்ப் பார்த்தால் கடை நிறைய மாம்பழம். வியாபாரி ஆட்டியது 'ஓம்'.

நம் 'ஓம்' காது தோளைத் தொடப்போவது போலச் சாயும். 'இல்லை' நாடியை இடமும் வலமும் வெட்டித் திருப்பும். வெளியில் வளர்ந்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பல்கேரியாவில் இன்னும் மோசம்: மேலும் கீழும் ஆட்டினால் அங்கே பெரும்பாலும் 'இல்லை'. சந்தேகம் என்றால் வாயால் கேட்டுவிடுங்கள், வெட்கமில்லை.

தலையாட்டலில் மாம்பழம்தான் போகும். கண்ணில் பிழைத்தால் மரியாதையே போய்விடும். அப்பம்மா ஏசும்போது இவள் நேரே முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "முழிசிக்கொண்டு நிக்கிறாள், என்ன நெஞ்சழுத்தம்!" என்றார் அப்பம்மா. பேசுபவரைப் பார்ப்பதுதான் மரியாதை என்று அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குனிந்து நின்றிருந்தால் அங்கே வாத்தியார் ஏசியிருப்பார்.

இதே பிழையை நம் பொடியள் மறுபக்கமாக விடுகிறார்கள். சூமில் லண்டன் கொம்பனிக்கு நேர்முகத்தேர்வு. பணிவாகக் கீழே பார்த்துக்கொண்டு பதில் சொன்னால், இவனுக்குத் தன்னம்பிக்கை இல்லை, அல்லது எதையோ மறைக்கிறான் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார். பதில் சொல்லும்போது கமராவைப் பாருங்கள். அதற்காக ஜப்பான்காரரையும் அப்படி உற்றுப் பார்க்கப் போகாதீர்கள். அவர்களுக்கு அது சங்கடம். 'வெளிநாடு' என்று ஒரே ஒரு நாடு இல்லை.

இடக்கையால் காசு நீட்டுவது, கோயிலில் கால் நீட்டி இருப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, விடுவோம். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து நாம் "வா" என்று கூப்பிடுவது மட்டும் வெள்ளைக்காரருக்கு "போ" என்று படலாம். கட்டைவிரலை உயர்த்துவது ஈரானில் காலங்காலமாக வசவு.

அப்புறம் அந்த 'பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான்' கதை. கருத்தரங்குகளில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. சொல் ஒன்றும் முகமும் குரலும் வேறொன்றுமாக இருக்கும்போது பிடித்தம், பிடிக்காமையை எதை வைத்து அறிகிறோம் என்பதே அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் அதைப் பொருத்த அவரே சொல்லவில்லை.

செத்தவீட்டில்தான் வெளியிலிருந்து வருபவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆறுதல் வசனம் தயார்பண்ணிக்கொண்டு வரத் தேவையில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தால் போதும். கிளம்பும்போது "போட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேசாமல் எழும்பிப் போங்கள். யாரும் குறைநினைக்க மாட்டார்கள்.