மார்க் போட்டால் மனப்பாடம்தான் வரும்: மாணவர்களை எழுதவைக்கும்போது தவிர்க்க வேண்டியவை

பிளேஸ்மென்ட் சீசனுக்கு முன்னால், இறுதியாண்டு மாணவர்களைத் தங்களைப் பற்றி எழுதச் சொல்வேன். என்ன வேலைக்குப் போவது என்ற குழப்பம் எழுத எழுதக் கொஞ்சம் தெளியும். முதல் வருஷம் அதற்குப் பத்து மார்க் என்று சொல்லித் தொலைத்தேன். வந்த தாள்களையெல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல இருந்தது. ‘தலைமைப் பண்பு’, ‘சவால்களை விரும்புகிறேன்’ என்று ஹெச்.ஆருக்காக உருப்போட்டதை என்னிடம் ஒப்பித்திருந்தார்கள். இப்போது மார்க்கும் கிடையாது, சிவப்பு மையும் கிடையாது. ஒற்றுப்பிழையைக் கண்டால் கை பரபரக்கும்தான்.

அடுத்த தவறு, ‘உன் லட்சியம் என்ன?’ என்று கேட்பது. அதற்குக் கலெக்டர் என்றுதான் பதில் வரும். நேரம் போனதே தெரியாமல் போன வாரம் எதைச் செய்தாய் என்று கேளுங்கள். வியாசர்பாடிப் பையன் ஒருவன், அப்பாவின் மெக்கானிக் கடையில் கழித்த ஞாயிற்றுக்கிழமையை எழுதினான். பழைய டி.வி.எஸ் 50-யோடு வந்த தாத்தாவுக்கு கார்புரேட்டர் அடைப்பு என்றால் விளங்கவில்லை. “காபி ஃபில்டர் அடைச்சுக்கிட்டா டிகாக்‌ஷன் இறங்குமா தாத்தா?” என்று கேட்டிருக்கிறான். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வண்டியைப் பிரித்தது அவனுக்கு ஒரே வரி. தாத்தாவுக்கு விளக்கியது ஒன்றரைப் பக்கம். அதை அவனே எண்ணிப் பார்க்கும்வரை நான் வாய் திறக்கவில்லை.

புலம்பலோடு நிறுத்திவிடுவதும் தவறு. மனத்தில் இருப்பதை எழுதுவது பற்றி 1986-இல் ஆய்வு வெளியிட்ட உளவியலாளர் பென்னிபேக்கர், பிற்பாடு கவனித்தது இது: எழுத எழுத ‘ஏனென்றால்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் கூடியவர்களுக்கே அதிகப் பலன். தொழில் வழிகாட்டலுக்கு எழுத்தைக் கொண்டுவந்த லெங்கெல், மெய்யர்ஸ் இருவரும் இதையே, புலம்பலாக வரும் முதல் கதையிலிருந்து, அதில் அர்த்தம் காணும் இரண்டாம் கதைக்குப் போவது என்கிறார்கள். கற்பனை உதவுவது இங்கேதான். அதே ஞாயிற்றுக்கிழமையை அந்தத் தாத்தா சொல்வதுபோல எழுது என்றேன். இதை விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்புறம், ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். கேட்காமல் வகுப்பில் வாசித்துக் காட்டாதீர்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் போடவே கூடாது. தாளில் பெரிய வேதனை ஏதும் தெரிந்தால் நாமே வைத்தியம் பார்க்க உட்காராமல், கல்லூரிக் கவுன்சிலரிடம் அழைத்துப் போக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணையும் கொடுக்கலாம்.

எழுதியதை அப்படியே ரெஸ்யூமேயில் ஒட்டச் சொல்வது கடைசித் தவறு. எது வேண்டுமோ அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பையன் ரெஸ்யூமேயில் ஒன்றையும் சேர்க்கவில்லை. டிசைன் வேலைகளை விட்டுவிட்டு, சர்வீஸ் டிரெய்னர் வேலைக்கு மட்டும் விண்ணப்பித்தான்.