சுவரில் படம் மாட்டும் முன் தரையில் முடிக்கவேண்டிய வேலை

வீட்டில் மாட்டிய ஓவியம் சுவரோடு ஒட்டாமல் தனியாகத் தொங்குவதுபோல் தெரிந்தால், பெரும்பாலும் குற்றம் உயரத்தில்தான் இருக்கும். நின்றுகொண்டு மாட்டுகிறோம், கை எட்டும் இடத்தில் ஆணி போய்விடுகிறது. படத்தின் மேல்விளிம்பைப் பார்க்காதீர்கள். நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வந்தால் போதும். சோஃபாவுக்கு மேலே என்றால் இந்தக் கணக்கை விட்டுவிட்டு, சோஃபா முதுகுக்கும் சட்டத்தின் கீழ்விளிம்புக்கும் 15–20 செ.மீ. இடைவெளி விடுங்கள். படமோ, படக்கூட்டமோ, சோஃபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்கட்டும். நீளமான சோஃபாவுக்கு மேல் ஒற்றைச் சின்னப் படம் தபால்தலை மாதிரி தெரியும்.

பல படங்கள் என்றால் முதலில் தரையில் பரப்புங்கள். பெரியதை நட்டநடுவில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்து, மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குங்கள். சட்டங்களின் அளவும் நிறமும் மாறலாம். இடைவெளி மட்டும் எங்கும் ஒரே அளவாக, 5–7 செ.மீ. இருக்க வேண்டும். மொத்தக் கூட்டத்தையும் ஒரே படமாக நினைத்து, அதன் நடுவை 148 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பிறகு ஒவ்வொரு சட்டத்தின் அளவுக்கும் பழைய செய்தித்தாளை வெட்டி, கொக்கி வரவேண்டிய புள்ளியைக் குறித்து, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் அப்படியே விட்டுவைத்தால், எது உறுத்துகிறது என்று தானே தெரிந்துவிடும்.

கொக்கிப் புள்ளியில்தான் பலரும் தவறுகிறார்கள். சட்டத்தின் உயரம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்புறக் கம்பியை, கொக்கி இழுப்பதுபோலவே விரலால் மேல்நோக்கி இறுக்கிப் பிடித்து, அங்கிருந்து மேல்விளிம்பு வரை அளந்து பாருங்கள், 7 செ.மீ. வருகிறது. 148 + 30 − 7 = 171. தரையிலிருந்து 171 செ.மீ. உயரத்தில் கொக்கி. கம்பியைத் தளர்வாக விட்டு அளந்தால் படம் ஓரிரு செ.மீ. கீழிறங்கி நிற்கும்.

அகலமான படத்துக்கு ஒரு கொக்கி போதாது. கதவு அடைக்கும் அதிர்விலேயே நாளடைவில் சாய்ந்துவிடும். இரண்டு கொக்கி போட்டு, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். அப்போது கம்பியையும் அந்த இரண்டு இடத்திலும் இறுக்கித்தான் அளக்க வேண்டும். சட்டத்தின் கீழ்மூலைகளில் சிறு ரப்பர் பொட்டு ஒட்டினால் படம் நகராது, பின்னால் காற்றும் போய்வரும்.

துளை போடும்போது ட்ரில்லிலிருந்து விழும் தூளைக் கவனியுங்கள். செங்கல் சுவரில் முதலில் வருவது பூச்சின் தூள். அது செந்நிறமாக மாறினால்தான் பிட் செங்கலுக்குள் போயிருக்கிறது. பிளக் (திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை) பூச்சுக்குள் மட்டும் நின்றால் கனமான படம் பூச்சோடு பெயர்ந்து வரும். 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட்; துளை பிளக்கைவிடச் சில மி.மீ. ஆழமாக இருக்கட்டும், தூள் தங்க இடம் வேண்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடவே வேண்டாம், உள்ளே ஒயர் ஓடும்.

நீர்வண்ணம், அச்சுப்படம், புகைப்படம் மூன்றும் வெயில் படும் சுவருக்கு ஆகாது. வெளுத்த நிறம் திரும்ப வராது. புற ஊதா தடுக்கும் கண்ணாடி வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தைத் தின்னும். அருங்காட்சியகங்கள் தாளில் வரைந்தவற்றுக்கு வழக்கமாக 50 லக்ஸ் அளவிலேயே ஒளி வைப்பது அதனால்தான். ஈரம் ஊறும் சுவரையும் தவிருங்கள். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் மவுண்ட் அட்டை இல்லாவிட்டால், புகைப்படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம்தான் உரியும். மவுண்ட் அமிலமற்ற அட்டையாகவே இருக்கட்டும். சாதா அட்டை வெட்டு ஓரத்தில் பழுப்பேறி, அந்தக் கறையைப் படத்துக்கும் இறக்கிவிடும்.