ஏரிக்கரையில் கூடாரம் போடும் மதுரைக்காரர்களுக்கு

மதுரை வெயிலிலேயே இருந்துவிட்டு வார இறுதிக்கு மலை ஏரிப் பக்கம் போகிறவர்கள் போர்வையை மட்டும் மூன்று நான்கு எடுத்துப் போகிறார்கள், ஆனால் ராத்திரி உடம்புச் சூட்டை உறிஞ்சுவது கீழே இருக்கிற தரைதான். முதலில் தார்ப்பாய், அதற்கு மேல் பழைய செய்தித்தாளைக் கனமாகப் பரப்பி, அப்புறம் ஃபோம் பாய். கூடாரத்தைத் தண்ணீர் ஓரத்தில் போடாதீர்கள், குளிர்க்காற்று பள்ளத்தில்தான் இறங்கித் தேங்கும், கொஞ்சம் மேடாகப் பாருங்கள். ஜன்னலையும் முழுக்க மூடவேண்டாம், நாம் விடுகிற மூச்சே துணியில் நீர்த்துளியாகப் படிந்து விடியும்முன் முகத்தில் சொட்டும். அடுப்பை, கரியை உள்ளே கொண்டுபோகவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

தூண்டில் போட்டுப் பிடிக்கிற மீனுக்கு வருவோம். ட்ரவுட் என்கிற மீன் குளிர்ந்த, தெளிந்த நீரில்தான் வாழும். நீலகிரி அவலாஞ்சியில் 1907இலேயே அதற்குக் குஞ்சு பொரிப்பகம் வைத்தார்கள். தூண்டில் போட, தங்க, மீன்வளத்துறை, வனத்துறை அனுமதியை முன்னாலேயே கேட்டுவிடுங்கள். சின்ன மீன் சிக்கினால் கையை நனைத்துக்கொண்டு பிடித்துத் தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிடுங்கள், காய்ந்த கை பட்டால் அதன் மேலிருக்கும் வழவழப்பு போய் நோய் தொற்றும். சமைக்கிற மீனென்றால் உடனே குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய கறுத்த ரத்தக் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் வழித்துக் கழுவுங்கள், கவிச்சி பாதி போய்விடும். செதில் பொடிசு, சுரண்டத் தேவையில்லை. கொடைக்கானல், ஊட்டி இரண்டுக்கும் இ-பாஸ் எடுத்துவிட்டே கிளம்புங்கள்.