மாதிரிச் சட்டமன்றம் நடத்துவது எப்படி: அமெரிக்கத் துப்பாக்கித் தடைத் தீர்மானம்

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பட்டிமன்றம் நடத்தத் தெரியாத இளைஞர் மன்றம் இல்லை. மாதிரிச் சட்டமன்றத்தின் போக்கே வேறு. இங்கே நடுவர் தீர்ப்புச் சொல்வதில்லை. எழுதிவைத்த வாசகத்துக்கு வாக்கெடுப்பு நடக்கும். வாசகம் ஓட்டையாக இருந்தால் எவ்வளவு முழங்கினாலும் பயனில்லை. இதைப் பழக ஏற்ற தலைப்பு: தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்கான தேசியத் தடையை மீண்டும் கொண்டுவரும்படி கலிபோர்னியா சட்டமன்றம் அமெரிக்கக் காங்கிரஸை, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்தை, கேட்டுக்கொள்ளும் தீர்மானம்.

முதலில் அவை எந்த நாளில் கூடுகிறது என்று முடிவு செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் பாதி விவாதம் குழம்பும். அந்தத் தடை 1994 செப்டம்பர் 13-இல் நடப்புக்கு வந்தது. பத்தாண்டுக் கெடு முடிந்து 2004 செப்டம்பர் 13-இல் காலாவதியானது. 2004 ஆகஸ்டில் அவை கூடுவதாக வைத்துக்கொண்டால் ‘நீட்டியுங்கள்’ என்று கேட்கலாம். அதே ஆண்டு மார்ச்சில் காங்கிரஸின் மேலவையான செனட் சபை 52-47 வாக்கில் நீட்டிப்பை வேறொரு மசோதாவோடு சேர்த்ததையும், பிறகு அந்த மசோதாவே 90-8 வாக்கில் கவிழ்ந்ததையும் மேற்கோள் காட்டலாம். இன்றைய தேதி என்றால் நீட்டிக்க எதுவும் இல்லை, புதிய சட்டம்தான் கேட்க வேண்டும். காங்கிரஸின் கீழவையான மக்களவை 2022 ஜூலை 29-இல் அப்படியொரு மசோதாவை 217-213 வாக்கில் நிறைவேற்றியது, செனட்டைத் தாண்டவில்லை. பழகாத குழுவுக்கு இன்றைய தேதியே நல்லது, சான்றுகள் கூடுதலாகக் கிடைக்கும்.

ஆள் கணக்கு: சபாநாயகர், செயலாளர், நேரக் காப்பாளர் ஆகியோர் போக 21 உறுப்பினர். ஒற்றைப்படை எண் இருந்தால், யாரும் நடுநிலை வகிக்காதவரை வாக்கு சமமாகாது. மொத்தம் 90 நிமிடம்: முன்மொழிபவருக்கு 5, வழிமொழிபவருக்கு 3, மற்றவர்களுக்கு ஆளுக்கு 2, மீதி திருத்தங்களுக்கும் வாக்கெடுப்புக்கும். காலை பத்து மணிக்கே தொடங்குங்கள். மாலை மழை பிடித்தால் தகரக் கூரை மண்டபத்தில் ஒலிபெருக்கி இருந்தும் பேச்சுக் கேட்காது.

தீர்மானத்தை ஒரே பக்கத்தில், ஒரே வாக்கியமாக எழுதுங்கள். காரணங்கள் முன்னே, கோரிக்கை கடைசியில்:

“கூட்டரசுத் தடை 2004-இல் காலாவதியாகிவிட்டதாலும், இம்மாநிலம் 1989 முதல் சொந்தத் தடை வைத்திருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்து ஆயுதங்கள் உள்ளே வருவதாலும், தேசிய அளவில் புதிய தடைச் சட்டத்தை இயற்றும்படி காங்கிரஸை இம்மன்றம் கேட்டுக்கொள்கிறது.”

இரண்டாவது காரணம்தான் தீர்மானத்தின் முதுகெலும்பு. 2019 ஜூலையில் கலிபோர்னியாவின் கில்ராய் பூண்டுத் திருவிழாவில் மூவரைக் கொன்றவன் பயன்படுத்திய துப்பாக்கி, பக்கத்து மாநிலமான நெவாடாவில் சட்டப்படி வாங்கியது. ‘சொந்தச் சட்டம் இருக்கும்போது காங்கிரஸிடம் ஏன் போகிறீர்கள்?’ என்று எதிரணி கட்டாயம் கேட்கும். பதில் இதுதான்.

நம் பிள்ளைகள் தடுமாறும் இடமும் இதுவே. மலேசியாவில் துப்பாக்கி கூட்டரசின் அதிகாரப் பட்டியலில் இருக்கிறது. ஆயுதச் சட்டம் 1960 நாடு முழுவதற்கும் ஒன்றுதான், பேரா சட்டமன்றம் தனியாக ஒன்று இயற்ற முடியாது. அதே கணக்கில் ‘மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை, அதனால் கேட்கிறார்கள்’ என்று பேசிவிடுவார்கள். அங்கே மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. எல்லை தாண்டி வருவதைத் தடுக்கத்தான் வழி இல்லை.

அடுத்து வரையறை. அரை மணி நேரமாவது இதற்குத் தனியாக ஒத்திகை வையுங்கள். விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கி இங்கே பேச்சே இல்லை. அதற்கு 1934-லிருந்தே வேறு சட்டம் உண்டு. இது ஓர் அழுத்தலுக்கு ஒரு குண்டு சுடும் அரைத் தானியங்கி ரகம். 1994 சட்டம் 19 மாடல்களைப் பெயர் சொல்லித் தடுத்தது. அவை போக, கழற்றி மாட்டும் தோட்டாக் கூடு உள்ள நீள்துப்பாக்கியில் கீழ்க்கண்ட ஐந்தில் இரண்டு இருந்தாலும் தடை: மடக்கும் அல்லது நீட்டும் பின்கட்டை, கைத்துப்பாக்கி போன்ற பிடி, முனைக்கத்தி மாட்டும் கொக்கி, சுடர் மறைப்பான் அல்லது அதை மாட்டும் திருகு, எறிகுண்டு ஏவி. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புதிய கூடுகளுக்கும் தடை இருந்தது.

ஐந்து உறுப்புகளையும் ஓர் அட்டையில் எழுதி, பிடி, கொக்கி, சுடர் மறைப்பான் மூன்றிலும் குறியிடுங்கள். பிறகு கொக்கியையும் மறைப்பானையும் அடித்துவிடச் சொல்லுங்கள். மிச்சம் ஒன்று, ஆகவே தடை இல்லை. சுடும் திறன் மட்டும் அப்படியே இருக்கும். உற்பத்தியாளர்கள் அந்தப் பத்தாண்டில் இதைத்தான் செய்தார்கள். கலிபோர்னியா 2000 முதல் ‘ஒன்று இருந்தாலே போதும்’ என்று தன் சட்டத்தை இறுக்கியது. ஆகவே ‘இரண்டு’ என்பதை ‘ஒன்று’ ஆக்கும்படி காங்கிரஸைக் கோரும் வரியைத் தீர்மானத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவர ஒருவரைத் தயார்படுத்துங்கள். அன்றைய விவாதத்தில் சூடான பகுதி அதுவாகத்தான் இருக்கும். திருத்தத்துக்கு முதலில் வாக்கு, பிறகே முழுத் தீர்மானத்துக்கு. புதிய சபாநாயகர்கள் இந்த வரிசையை மாற்றிவிடுவார்கள்.

எதிரணிக்குச் சோடையான ஆட்களைப் போடாதீர்கள். அவர்கள் கையிலும் சரக்கு இருக்கிறது. துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடப்பவை. தடைக்கு முன்பே வாங்கிய ஆயுதங்களையும் பெரிய கூடுகளையும் 1994 சட்டம் விட்டுவைத்தது. நீட்டித்தாலும் விளைவு அளந்து சொல்ல முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கலாம் என்று 2004-இல் அமெரிக்க நீதித்துறைக்காகச் செய்த ஆய்வே எழுதியது. ஆளுக்கு ஒரு வாதம் என்று பிரித்துக் கொடுங்கள். எல்லோரும் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தையே பிடித்துக்கொண்டால் பார்வையாளர் தூங்கிவிடுவார்கள்.

சுங்கை சிப்புட்டில் இந்தத் தலைப்பை எடுத்தால் 1948 ஜூன் 16-ஐ யாராவது இழுப்பார்கள். மூன்று தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்த ஊர் அல்லவா. பெரியவர்கள் பேசட்டும், ஆனால் அவை கலைந்த பிறகு. கலிபோர்னியா உறுப்பினர் வேடத்தில் இருப்பவர் அதைப் பேசினால் சபாநாயகர் மணியடிக்க வேண்டும்.

வாக்கெடுப்பைக் கைதூக்கி நடத்தாமல் பெயர் கூப்பிட்டு நடத்துங்கள். நண்பன் கையைப் பார்த்துத் தூக்கும் பழக்கம் அப்போதுதான் போகும். நிறைவேறினால் ஆளுநர் கையெழுத்துக்கு அனுப்பாதீர்கள். இத்தகைய கூட்டுத் தீர்மானத்துக்கு அது தேவையில்லை, அது சட்டமும் அல்ல. அதிபருக்கும், காங்கிரஸ் தலைவர்களுக்கும், மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் நகல் அனுப்பச் செயலாளரைப் பணிக்கும் வரியைக் கடைசியில் சேர்த்து, அதையும் அவையில் வாசித்து முடியுங்கள்.