வெட்டு அளவு தப்பினால்: வீட்டில் கட்டிய சிஎன்சி மர ரவுட்டரில் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

கணினி ஓட்டும் ரவுட்டரிடம் 100 மி.மீ. கேட்டால் 99.8 வருகிறது. உடனே கணினியில் ஸ்டெப் எண்ணை (ஒரு மி.மீ. நகர மோட்டார் எடுக்கும் அடிகள்) திருத்தினால் அந்தப் பலகை சரியாகிவிடும், அடுத்த பலகை வேறு இடத்தில் தப்பும். எவ்வளவு தப்புகிறது என்பதோடு, எந்த விதத்தில் தப்புகிறது என்றும் பார்க்க வேண்டும். எந்த ஸ்க்ரூவில் கை வைப்பது என்பதை அதுதான் காட்டும்.

12 மி.மீ. பிளைவுட் ஒன்றை நன்றாக இறுக்கி, 6 மி.மீ. பிட்டால் (சுழன்று வெட்டும் முனை) 100 மி.மீ. சதுரம் வெட்டுங்கள். அதன் நடுவில் 50 மி.மீ. வட்டத் துளை. முதலில் துளை, பிறகு வெளி விளிம்பு. துண்டை எடுப்பதற்கு முன் எக்ஸ், ஒய் திசைகளைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். இரு திசையிலும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

சதுரம் பெரிதாகவும் துளை சிறிதாகவும் வந்தால் குற்றவாளி பிட். 6 என்று விற்கும் பிட் 5.8 இருந்தால் சதுரம் 100.2, துளை 49.8 ஆகும். பிட்டை அளந்து உண்மையான விட்டத்தை மென்பொருளில் கொடுங்கள். அளவு சரியாக இருந்தும் இப்படி வந்தால் பிட் வளைகிறது. பிட்டைக் கவ்வும் கோலெட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் நீளம் 20 மி.மீ.யிலிருந்து 25 ஆனாலே வளைவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே வேலைக்குத் தேவையான அளவே வெளியே விடுங்கள். ஓரத்தில் 0.3 மி.மீ. மிச்சம் வைத்து, கடைசியாக ஒரே சுற்றில் சீவுங்கள். நேர்மாறாக, சதுரம் சிறுத்துத் துளை பெருத்தால் பிட் மையம் விலகிச் சுழல்கிறது. கோலெட்டுக்குள் மரத்தூள் அடைத்திருக்கும். கழற்றித் துடைத்தாலே பெரும்பாலும் தீரும்.

சதுரம் 99.8, துளை 49.8 என்று இரண்டும் ஒரே அளவு குறைந்தால், அச்சை நகர்த்தும் ஸ்க்ரூவின் நட்டில் ஆட்டம். வட்டத்திலும் இது தெரியும்: அச்சு திரும்பும் நான்கு இடங்களில் சின்னத் தட்டை விழும். டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) கேன்ட்ரியில், அதாவது ரவுட்டரைத் தாங்கி நகரும் பாலத்தில், முட்டவைத்து, ஒரே திசையில் 0.1 மி.மீ. வீதம் பத்து முறை நகர்த்துங்கள். பிறகு எதிர்த்திசையில் அதேபோல் நகர்த்துங்கள். முள் அசையாமல் நிற்கும் தூரமே ஆட்டம். டி8 ஸ்க்ரூவின் (8 மி.மீ. தடிமன்) சாதாரணப் பித்தளை நட்டில் இது சகஜம். ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டு போடுங்கள். நட்டை மாற்றும் முன், ஸ்க்ரூவின் முனை பேரிங்கில் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். பல மெஷின்களில் பழி நட்டின் மேல் விழுகிறது, குற்றம் பேரிங்கில் இருக்கிறது. மெஷினை ஓட்டும் மென்பொருள்களில், ஜிஆர்பிஎல்-இல் ஆட்டத்தை ஈடுகட்டும் வசதி கிடையாது. மாக்3-இல் உண்டு, ஆனாலும் பிட் மரத்தில் இருக்கும்போது அச்சைத் தன் பக்கம் இழுப்பதை எந்த மென்பொருளும் தடுக்காது.

நீளத்துக்கு ஏற்பப் பிழை வளர்ந்தால், அதாவது 100-க்கு 0.2, 300-க்கு 0.6 என்றால், அப்போதுதான் ஸ்டெப் எண். கணக்கு இதுதான்: 200 ஸ்டெப் மோட்டார், 16 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை 16 ஆகப் பிரிப்பது), சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் ஸ்க்ரூ: 3200-ஐ 8-ஆல் வகுத்தால் 400. 1605 பால் ஸ்க்ரூவுக்கு (சுற்றுக்கு 5 மி.மீ.) 640. ஜிடி2 பெல்ட்டும் (பல் இடைவெளி 2 மி.மீ.) 20 பல் புல்லியும் என்றால் 80. இந்த எண்கள் ஜிஆர்பிஎல் அமைப்பில் $100 (எக்ஸ்), $101 (ஒய்) இரண்டிலும் இருக்க வேண்டும். ஸ்க்ரூ மெஷினில் கணக்குப்படி வரும் எண்ணையே நம்புங்கள். அளந்து பார்த்து 401.6 தேவைப்பட்டால், வேறு எங்கோ கோளாறு என்று அர்த்தம். பெல்ட் அப்படியல்ல, இழுவைக்கு ஏற்ப மாறும். வி பிட்டால் ஒரே திசையிலிருந்து வந்து இரண்டு மெல்லிய கோடுகளை 600 மி.மீ. இடைவெளியில் கீறி, இரும்பு ஸ்கேலால் அளந்து திருத்துங்கள்.

சதுரம் சாய்ந்தால் கேன்ட்ரி கோணல். 400×300 செவ்வகம் ஒன்று கீறி இரு மூலைவிட்டங்களையும் அளங்கள், இரண்டும் 500 வர வேண்டும். வித்தியாசம் 1 மி.மீ. என்றால், 300 மி.மீ.க்கு ஏறக்குறைய 0.6 மி.மீ. சாய்வு. 600 மி.மீ. அகலக் கேன்ட்ரியில் ஒரு பக்கத்தை 1.25 மி.மீ. நகர்த்தினால் நேராகும். எந்தப் பக்கம் என்று குழம்பினால் ஒரு பக்கத்தை நகர்த்தி மறுபடி கீறிப் பாருங்கள். வித்தியாசம் கூடினால் எதிர்த்திசை.

முதல் அரை மணி நேரம் சரியாக வெட்டி, பிறகு திடீரென்று தடம் விலகுவதுதான் தலைவலி. மோட்டார் தண்டிலிருந்து கப்ளிங் (தண்டையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் துண்டு) மேல், அங்கிருந்து ஸ்க்ரூ மேல் மார்க்கரால் ஒரே நேர்க்கோடு போடுங்கள். வேலை முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் கப்ளிங்கை இறுக்கும் சிறு கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது: தண்டில் சின்னத் தட்டை அராவி, ஒரு சொட்டு லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) விட்டு முடுக்குங்கள். கோடு நேராக இருந்தும் இடம் தப்பினால் மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடுகிறது. $120, $121 வேகமுடுக்கத்தைப் பாதியாக்குங்கள். டிரைவர் மின்னோட்டம் மோட்டார் லேபிளில் உள்ள அளவுக்கு ஒத்திருக்கிறதா பாருங்கள். டிரைவர் கை வைக்க முடியாத சூடானால் ஒரு ஃபேன் வையுங்கள்.

காவிரி டெல்டாவில் இன்னும் மூன்று விஷயம் உண்டு. பம்புசெட் ஓடும் நேரத்தில் ஊர்க்கோடியில் வோல்டேஜ் இறங்கும். ரவுட்டர் வேகம் குறைந்து பிட் திணறும், வெட்டு வளையும். அந்த நேரத்தில் ஃபீடை (பிட் முன்னேறும் வேகம்) குறையுங்கள், அல்லது ஸ்டெபிலைசர் வையுங்கள். நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் அச்சு சறுக்கி நகரும் லீனியர் ராடு துருவேறும். வாரம் ஒருமுறை துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எம்.டி.எஃப் அடிப்பலகை ஈரம் குடித்து மேடுபள்ளமாகும். அப்போது எக்ஸ், ஒய் சரியாக இருந்தாலும் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். பெரிய பிட்டால் அடிப்பலகை முழுவதையும் 0.5 மி.மீ. சீவிவிட்டு இசட் பூஜ்யத்தைப் புதிதாக எடுங்கள். மரத்துக்கும் இதே கதைதான். வீணைக்கு எடுத்த பலாவை உலரவிட்டுத்தான் குடைவார்கள். பச்சைப் பலாவிலோ வேம்பிலோ சாயங்காலம் சரியாக வெட்டிய குழி, காலையில் இழைக்குக் குறுக்கே சுருங்கியிருக்கும். மெஷினைச் சந்தேகிக்கும் முன், வெட்டிய உடன் ஒரு தடவையும் மறுநாள் ஒரு தடவையும் அதே குழியை அளந்து பாருங்கள்.