படத்தில் பார்த்த ரவிக்கையை வீட்டிலேயே செய்வது: ஆரி வேலையும் பட்டு நூல் ஜிமிக்கியும்

முகூர்த்த மாதங்கள் நெருங்கினால், மணப்பெண்கள் அணிந்த ரவிக்கைகளின் படங்களைக் கைப்பேசியில் சேர்த்து வைத்துக்கொண்டு தையற்கடைக்குப் போகாத வீடு குறைவு. படத்தைக் காட்டியதும் சொல்லப்படும் கூலி சில ஆயிரங்களில் தொடங்கும். சில சமயம் அது புடவையின் விலையையே தாண்டிவிடும். ஆரி ஊசி, அதாவது நுனியில் கொக்கி உள்ள பூத்தையல் ஊசி, பிடிக்கத் தெரிந்தவரும், கற்றுக்கொள்ளப் பொறுமை உள்ளவரும், அந்தத் தோற்றத்தை வீட்டிலேயே கொண்டுவந்துவிடலாம். ஒரு காஞ்சிபுரம் பட்டுப் புடவைக்கு ஏற்ற ஆரி வேலை ரவிக்கையையும், அதற்குப் பொருத்தமான பட்டு நூல் ஜிமிக்கியையும் எடுத்துக்கொண்டு, துணி வாங்குவதிலிருந்து உடுத்துவது வரை இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை ஊசியில் இல்லை, படத்தைப் படிப்பதில் இருக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த சப்யசாச்சி முகர்ஜி 1999இல் தொடங்கிய நிறுவனத்தின் மணப்பெண் உடைகளை எடுத்துக்கொள்வோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பளிச்சென்ற மஞ்சள் தங்கத்தைவிடப் பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த நகையைப் போன்ற மங்கிய பொன்னிறமே அதிகம் தெரியும். கழுத்தோரத்திலும் கை ஓரத்திலும் வேலை நெருக்கமாக இருக்க, இடையில் துணி வெறுமையாக விடப்பட்ட உடைகளும் அவற்றில் உண்டு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த நிறத்தையும் இடைவெளியையும்தான். பூவும் மயிலும் யாருக்கும் பொதுவானவை. ஆனால் சப்யசாச்சி உடைகளின் இடைவாரில் இருக்கும் வங்கப் புலி ஒரு வணிக முத்திரை. அதைப் போன்ற முத்திரைகளை நகலெடுத்துத் தைத்துக்கொண்டால் உடை போலிச் சரக்காகத்தான் தெரியும். விற்கத் தொடங்கினால் சட்டச் சிக்கலும் வரும். எனவே ஒரு தாளை எடுத்து, பொன்னின் நிறம் எது, வேலை எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது, இரண்டு பூக்களுக்கு இடையே எத்தனை விரல் இடம் விடப்பட்டிருக்கிறது, ஓரம் எப்படி முடிக்கப்பட்டிருக்கிறது என்ற நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். கல்லைக் கூட்டினால் விலையுயர்ந்த தோற்றம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தத் தாளை எழுதாதவர்கள் என்பது என் கருத்து.

அடுத்தது நிறம். காஞ்சிபுரம் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருப்பது வழக்கம். ரவிக்கைக்குக் கரையின் நிறத்தையும், நூல் வேலைக்கு உடலின் நிறத்தையும் எடுத்தால் பெரும்பாலும் தவறுவதில்லை. கடைக்கு முழுப் புடவையைத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. முந்தானை முனையில் தொங்கும் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டிக்கொண்டு போனால் போதும். அந்த இழையைக் கடையின் விளக்குக்கு அடியில் வைத்துப் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மாம்பழ மஞ்சளும் கடுகு மஞ்சளும் குழல்விளக்கில் ஒன்றாகத் தெரிந்து ஏமாற்றும். ஜரி இழை, ஜர்தோசி என்ற சுருள்கம்பிக் குழாய், கல் சங்கிலி, மணி எல்லாவற்றையும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் அருகருகே வைத்து வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குச் சௌகார்பேட்டை இதற்கு வசதி. ‘ஆன்டிக்’ என்று கேட்டால் கிடைக்கும் பொன்னிறம் ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபடும். ஜரி பச்சை சாய்ந்தும் ஜர்தோசி செம்பு சாய்ந்தும் இருந்தால், எத்தனை நேர்த்தியாகத் தைத்தாலும் ரவிக்கை ஒட்டுப்போட்டதாகத் தெரியும்.

துணிக்கு ராசில்க் என்ற சற்றுச் சொரசொரப்பான பட்டு ஏற்றது. அது மணிகளின் எடையைத் தாங்கும், ஊசித் துளையும் பெரிதாகத் தெரியாது. புடவையோடு வரும் ரவிக்கைத் துண்டு பெரும்பாலும் 80 செ.மீ. அளவே இருக்கும், முழங்கை வரை கை வைத்து, ஆரி வேலைக்குத் துணியை விறைப்பாகப் பிடிக்கும் சட்டத்தில் இழுத்துக் கட்டவும் இடம் வேண்டுமானால் அது போதாது. 44 அங்குல அகலத் துணியில் 1.25 மீட்டர் வாங்குங்கள். அடர்ந்த சிவப்பு, மெரூன் நூல்கள் வாங்கினால் ஒரு துண்டை ஈரப் பஞ்சில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இனி வருவதுதான் பலர் தவறும் இடம். ஆரி ரவிக்கையில் முதலில் அளவு வரைந்து, பிறகு வேலை செய்து, கடைசியில்தான் வெட்ட வேண்டும். நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றை வைத்து முன்பக்கம், பின்பக்கம், இரு கைகள் ஆகியவற்றை வெட்டாத துணியின் மேல் சாக்கால் வரைந்து, தையல் விழும் கோட்டையும் அதற்கு வெளியே விடும் தையல் விளிம்பையும் தனித்தனியாகக் குறியுங்கள். நான் செய்த முதல் ரவிக்கையில் இந்த இரண்டாவது கோட்டைப் போடவில்லை. தோள் மூட்டு வரை மணிகளை வரிசையாகக் கோத்துவிட்டேன். தைக்கும்போது இயந்திரத்தின் ஊசி மணியில் மோதி ஒடிந்தது. மூன்று மாலை நேரங்களில் செய்ததை ஒரு மாலையில் பிரித்தேன். அதிலிருந்து, கழுத்து முடியும் கோட்டிலிருந்து கால் அங்குலமும், பக்கவாட்டுத் தையலிலிருந்தும் தோள் தையலிலிருந்தும் அரை அங்குலமும் வெறுமையாக விட்டுத்தான் தொடங்குகிறேன்.

கோலத்தைத் துணிக்கு மாற்ற, ஒளி ஊடுருவும் வரைதாளில் வரைந்து, கோட்டின் மேல் சிறிய ஊசியால் ஏறக்குறைய 2 மி.மீ. இடைவெளியில் குத்திக்கொண்டே போக வேண்டும். பிறகு தாளைத் துணியின் மேல் நகராமல் குத்தி வைத்து, துத்தநாகப் பொடியைச் சிறிது மண்ணெண்ணெயில் குழைத்து, பஞ்சில் தொட்டு ஒரே திசையில் துடைத்தால் துளைகள் வழியே புள்ளிகள் பதியும். வெளிர் நிறத் துணிக்கு நீலப் பொடி. பஞ்சு நனைந்திருக்க வேண்டுமே தவிர, சொட்டக் கூடாது. சொட்டினால் பட்டில் எண்ணெய்க் கறை நின்றுவிடும். வெட்டி எறியப்போகும் ஓரத்தில் ஒருமுறை சோதித்துப் பார்ப்பதும், இந்த வேலையின்போது அருகில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்வதும் கட்டாயம்.

துணியைச் சட்டத்தில் மத்தளம்போல இறுக்குங்கள். விரலால் சுண்டினால் ஒலி வர வேண்டும். ஆரி ஊசி குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சிகளின் கொக்கி ஊசியிலிருந்து வந்தது. தோலைத் துளைத்த கருவி என்பதால்தான் அதன் முனை இத்தனை கூர்மை. நூல் துணிக்கு அடியில் இடக்கையில் இருக்கும், ஊசி மேலே வலக்கையில் இருக்கும். ஊசியைச் செங்குத்தாக இறக்கி, அடியில் நூலைக் கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றி, ஊசியை அரைச் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் ஒரு வளையம் வரும். அந்த வளையத்திற்குள் இருந்தபடியே 2 அல்லது 3 மி.மீ. தள்ளி மறுபடி இறக்க வேண்டும். மேலே இழுக்கும்போது ஊசியின் வழவழப்பான முதுகுப் பக்கம் துளையின் விளிம்பை லேசாக அழுத்தினால் கொக்கி துணியின் இழையில் மாட்டாது. கற்பவர்களுக்கு முதல் வாரம் முழுவதும் ‘மாட்டிக்கொள்கிறது’ என்ற ஒரே புகார்தான் இருக்கும். காரணம் பெரும்பாலும் தளர்ந்த துணி அல்லது சாய்ந்த ஊசி. வரிசை முடிந்ததும் இரண்டு மூன்று குட்டித் தையல்களைப் பின்னோக்கிப் போட்டுப் பூட்டிவிடுங்கள். பூட்டாத சங்கிலித் தையலின் கடைசி வளையத்தைப் பிடித்து இழுத்தால், முழு வரிசையும் மல்லிகைச் சரம் அவிழ்வதுபோல அவிழ்ந்துவிடும்.

சங்கிலித் தையலால் கோடுகளை முடித்த பிறகு ஜர்தோசிக்கு வரலாம். இது சுருள்கம்பிபோல மெல்லிய குழாயாக வரும். இழுத்தால் மறுபடி சுருங்காது என்பதால் விரலால் நீட்டிப் பார்க்காதீர்கள். ஒரு வெல்வெட் துண்டின் மேல் வைத்து 3 அல்லது 4 மி.மீ. துண்டுகளாக வெட்டினால் சிதறி ஓடாது. சாதாரண மெல்லிய ஊசியில் ஒரு துண்டைக் கோத்து, அதன் நீளத்தைவிட இம்மியளவு குறைவான தூரத்தில் ஊசியை இறக்கினால், துண்டு நடுவில் லேசாக எழும்பி நிற்கும். கடைகளில் பார்க்கும் ‘தூக்கலான’ வேலையின் ரகசியம் அவ்வளவுதான். குந்தன் கல் வைப்பதானால் துணிப் பசையால் ஒட்டி ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் அதைச் சுற்றி ஜர்தோசியால் வேலி கட்டுங்கள். பசையை மட்டும் நம்பிய கல் மண்டபத்தில் உதிர்ந்துவிடும்.

எங்கே எதை வைப்பது என்பதில் ஒரு சிறு கணக்கு உண்டு. முந்தானை இடத் தோளில் ஏறுவதால், இடப்பக்க முன்கழுத்து வேலை பெரும்பாலும் மறைந்துவிடும். அதோடு, அங்கே மணியும் கல்லும் இருந்தால் பட்டு இழை அவற்றில் மாட்டி இழுபடும். ஆகவே அந்தப் பகுதியில் தட்டையான சங்கிலித் தையலை மட்டும் போட்டு, உயரமான வேலையைப் பின்கழுத்துக்கும் வலக்கைக்கும் இடக்கை ஓரத்துக்கும் ஒதுக்கலாம். பழகாத கைக்கு ஒரு கழுத்தும் இரு கை ஓரமும் முடிய எளிதாக இருபத்தைந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால், மறைகிற இடத்தில் உழைப்பைக் கொட்டுவதில் பொருளில்லை.

வெட்டித் தைக்கும் வேலையை நல்ல தையற்காரரிடம் கொடுப்பதே மேல். பருத்தி உள்துணி வேண்டும், கழுத்துக்கு மெல்லிய பைப்பிங் வேண்டும் என்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஜிமிக்கிக்குக் குடை வடிவ பிளாஸ்டிக் ஜிமிக்கி அச்சு, பட்டு நூல், துணிப் பசை, கல் சங்கிலி, முத்து, ஒரு முனை வளையமாக இருக்கும் கம்பியான ஐ பின், காதில் மாட்டும் ஸ்டட், வட்டமூக்குக் குறடு ஆகியவை போதும். நூலை இருபது இழைகளாகச் சேர்த்து, ஒரு கை நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை அச்சின் உட்புறம் பசையால் ஒட்டுங்கள். மேலே இருக்கும் துளை வழியாக நூலை விட்டு, வெளிப்புறமாக விளிம்புக்குக் கொண்டுவந்து, மறுபடி உள்ளே எடுத்துச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு இழைகளை விரலால் நீவிவிடுங்கள். ஓர் இழை முறுக்கிக்கொண்டாலும் பட்டின் பளபளப்பு அந்த இடத்தில் செத்துவிடும். துளையருகே நூல் குவியும், விளிம்பில் விரியும். விளிம்பில் அச்சு தெரியாமல் இருக்கிறதா என்று பார்த்தபடியே சுற்றுங்கள். விளிம்பைச் சுற்றி ரவிக்கையில் பயன்படுத்திய அதே நிறக் கல் சங்கிலியை ஒட்டி, ஐ பின்னில் ஒரு முத்தைக் கோத்து உள்ளிருந்து மேலே எடுத்து, குறடால் வளைத்து ஸ்டட்டில் மாட்டினால் ஜிமிக்கி தயார். அதே நூலை வெறும் பிளாஸ்டிக் வளையலில் சுற்றி இரண்டு வளையல்களும் செய்துகொள்ளலாம்.

கழுத்துக்குப் புதிதாக வாங்கும் முன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நாகர்கோவிலின் வடசேரியில், வெள்ளியில் கெம்புக் கல் பதித்துப் பொன் தகடு சேர்த்துச் செய்யும் கோயில் நகைகளின் சாயலில் வரும் கெம்பு செட்டுகள், பரதநாட்டியம் பயின்ற பெண் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் ஒன்றாவது கிடக்கும். சங்கிலி அறுந்திருந்தாலும் பதக்கம் நன்றாகவே இருக்கும். அந்தப் பதக்கத்தை நடுவில் வைத்து, இருபுறமும் சிறு முத்துகளைக் கியர் வயர் என்ற மெல்லிய நகைக் கம்பியில் கோத்து, முனைகளைக் கியர் லாக் என்ற சிறு உலோகக் குழாயால் நசுக்கிப் பூட்டி, பின் கயிறு கட்டினால் ஒரு புது மாலை கிடைத்துவிடும். பின் கயிறு இருப்பதால் கழுத்தின் இறக்கத்துக்கு ஏற்ப நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

அணியும் நாளில், ரவிக்கையின் கழுத்தோரம் முழுவதும் வேலை இருந்தால் மாலையைத் தவிர்த்து ஜிமிக்கியை மட்டும் போடுங்கள். மாலைதான் வேண்டும் என்றால் அது கழுத்தோர வேலையைத் தொடாத நீளத்தில் இருக்கட்டும். பின்கழுத்தில் வேலை செய்திருந்தால் கொண்டைதான் பொருத்தம், ஏனெனில் பின்னல் அதை மறைப்பதோடு மணிகளையும் உரசிக்கொண்டே இருக்கும். வாசனைத் திரவியத்தை ரவிக்கை அணிவதற்கு முன்பே போட்டு உலரவிடுங்கள்; பட்ட இடத்தில் ஜரி கறுத்துவிடும். கழற்றியதும் மடிக்காமல் நிழலில் காற்றாடவிட்டு, சுருக்கம் இருந்தால் தடித்த துவாலையின் மேல் வேலைப்பாடு கீழே இருக்கும்படி போட்டுக் குறைந்த சூட்டில் தேயுங்கள். பழைய வேட்டித் துண்டில் சுருட்டி வைத்தால் ஒரு மணி இன்னொரு இழையில் மாட்டாது. உதிரும் மணிகளுக்கு மாற்றாக, மிஞ்சிய நூலிலும் மணியிலும் ஒரு பிடியைச் சிறு உறையில் போட்டு அந்தச் சுருட்டலுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.